நான் மருந்தடித்த புல்தரை

நம் குழுவில் ஒரு வாரமாக ஆளாளுக்கு அம்மாவைப் பற்றி எழுதுகிறீர்கள். மீன் கறி, தையல் மிஷின், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஒன்று விடாமல் படித்தேன். "நீ மட்டும் ஏன் ஒண்ணும் எழுதல?" என்று நேற்று ஒருத்தி கேட்டிருந்தாள். அம்மா என்றதும் எனக்குச் சமையலறை நினைவுக்கு வருவதில்லை. காலை வெயிலில் குந்தியிருந்து களை பிடுங்கும் ஒரு முதுகுதான் வருகிறது. ஆறாம் வகுப்பில் என்னோடு படித்த நீங்கள் தினமும் எங்கள் கிள்ளான் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனீர்கள். ஆனாலும் அந்த முதுகை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் நான்தான். அறுபதைத் தாண்டியாகிவிட்டது, இனி எதற்கு மறைப்பது? எழுதிவிடுகிறேன்.

கிள்ளானில் அந்தத் தாமானின் வரிசை வீடுகளுக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். அப்பா அங்கே பழ லோரி ஓட்டினார். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. துறைமுகத்தில் லோரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா தோட்டத்தை விட்டார். அப்பா, அம்மா, என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா, நான் என்று நாலு பேரும் ஒரே லோரியில் சாமான்களோடு வந்து இறங்கினோம்.

எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைத்தது. "ரெண்டு லோரிய பக்கத்து பக்கத்துல நிப்பாட்டலாம்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அவருக்கு எல்லா இடமும் லோரிக் கணக்கில்தான்.

அம்மா வந்த அன்றே அதில் கீரையும் கத்தரியும் போடலாம் என்றாள். அப்பா கேட்கவில்லை.

"கீரை போட்டா மறுபடியும் தோட்டத்து வீடு மாதிரிதான் இருக்கும். புல்லு போடுவோம்லா. துரை பங்களாவுல இருந்துச்சே, அது மாதிரி."

அந்தப் புல்லில் எங்களில் யாரும் கால் வைத்ததில்லை. ஒரு முறை எதையோ கொண்டுபோய்க் கொடுக்க அப்பாவை அனுப்பினார்களாம். புல்லுக்குப் பக்கத்தில் சரளைக் கல்லில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒவ்வொரு முறையும் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புல் வந்தது. சதுரம் சதுரமாக, அடியில் மண் ஒட்டிய பாளங்கள். நாங்கள் நாலு பேரும் மண்டியிட்டு ஓடு பதிப்பதுபோலப் பதித்தோம். ஈர மண்ணும் நசுங்கிய புல்லும் கலந்து வந்த வாசனை இன்றும் எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன். வேலை முடிந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் போய் இரண்டு காலையும் அகட்டி நின்றார்.

அதன் பிறகு வெயில் காலம் வந்தது. நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு ஒரு பாட்டம் மழை கொட்டும். நாலு மணிக்கு மறுபடியும் வெயில் அடித்து, தரையிலிருந்து ஆவி எழும்பும். குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் கழுத்து வேர்த்துவிடும். துணி காயாது, ஆனால் மனிதர்கள் காய்ந்துபோவோம். அந்தப் புழுக்கத்தில் புல்லை எப்படி வளர்ப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கிராணி ஒருவர் இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் முப்பது வருடம் இருந்துவிட்டுக் கிள்ளானுக்கு வந்தவர். அவர் வீட்டு வாசலில் பாய் அகலத்துக்குத்தான் புல், ஆனால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"தம்பி, இந்தப் புழுக்கத்துல சாயங்காலம் தண்ணி ஊத்தாதீங்க. ராத்திரி பூரா ஈரம் நின்னா பூசணம் புடிச்சுக்கும். விடிஞ்சதும் ஊத்துங்க. அப்புறம் மெஷின்ல கத்திய கொஞ்சம் தூக்கி வைங்க. ஒட்ட வெட்டாதீங்க. புல்லு நீளமா இருந்தாதான் வேருக்கு நிழல்."

"சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார் அப்பா. உள்ளே வந்ததும், "ஆபீஸ்ல ஒக்காந்து பேனா புடிச்சவரு எனக்கு மண்ணப் பத்தி சொல்ல வந்துட்டாரு" என்றார்.

வேலை முடிந்து வந்த பிறகுதான் அவருக்கு நேரம். எனவே சாயங்காலம்தான் தண்ணீர். இரவல் வாங்கிய தள்ளு மெஷினில் கத்தியை அடிவரை இறக்கி, மொட்டையடித்ததுபோல் வெட்டினார். அப்போதுதான் சுத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ஒரு நாள் உச்சி வெயிலில் உரத்தை அள்ளி வீசினார். அன்றைக்குப் பார்த்து மழை வரவில்லை. உரம் விழுந்த இடமெல்லாம் தீய்ந்துபோனது. மற்ற இடங்களில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பழுப்பு வட்டங்கள் தோன்றி, பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. புல் போன இடத்தில் கோரை வந்தது. அதன் பின்னால் தொட்டாச்சிணுங்கி. வேலியோரம் லாலாங் காட்டுப்புல் எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் அம்மா அதில் இறங்கினாள்.

காலையில் எங்களுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவாள். முதலில் தண்ணீர் ஊற்றுவாள். மண் இளகியதும் ஒரு மூலையில் குந்தி, ஒரு பழைய கரண்டிக் காம்பால் ஒவ்வொரு களையாகத் தோண்டி எடுப்பாள். கோரையின் கிழங்கு முழுசாக வந்தால் அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுத் தகர டின்னில் போடுவாள். "டொக்" என்று சத்தம் கேட்கும். கிழங்கு அறுந்துபோனால் மறுபடியும் தோண்டுவாள். பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னதை அவளும் உள்ளேயிருந்து கேட்டிருக்க வேண்டும். வெட்டும்போது மெஷினின் கத்தியை உயர்த்தி வைக்க அக்காவிடம் சொன்னாள். அப்பா சாயங்காலம் குழாயைத் திறக்கப் போனால், "காலையில ஊத்திட்டேன்" என்பாள். மூன்று வாரத்தில் வட்டங்களின் ஓரத்திலிருந்து புல் உள்ளே ஊர்ந்து வர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நான் பார்த்தேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. தாமானில் மற்ற அம்மாக்கள் பூப்போட்ட கவுனோடு வாசலில் நின்று பேசுவார்கள். என் அம்மா மட்டும் துண்டு கட்டி, குந்தி, மண் அப்பிய கையோடு இருந்தாள். ஒரு முறை வந்துபோன அத்தை, "என்னா அண்ணி, பெரட்டுக்கு ஆள் கூப்புட்டாங்களா?" என்று, தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நமக்கு அப்போது மத்தியானப் பள்ளி. பன்னிரண்டு மணிக்கு நீங்கள் ஆறேழு பேர் கூட்டமாக வந்து வாசலில் என்னைக் கூப்பிடுவீர்கள். ஒரு நாள் பதினொன்றரைக்கு நான் அம்மாவிடம் போய் நின்றேன்.

"அம்மா, என் கூட்டாளிங்க வர்ற நேரம். நீங்க உள்ள போயிடுறீங்களா?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். டின்னையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாம் தெருமுனையில் திரும்பும்போது நான் ஒரு தடவை பார்த்தேன். சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் துண்டு மட்டும் தெரிந்தது. மறுநாளிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேரம் பார்த்துத் தானாகவே எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு அம்பாங். பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்குப் புல்தரையில் நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைக்க வேண்டும். அம்மாவின் கரண்டிக் காம்பு வேகம் அவருக்குப் போதவில்லை. ஒரு நாள் சாயங்காலம் முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு ஒன்றையும், பழைய பானப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் மருந்தையும் கொண்டு வந்தார். துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர் கொடுத்தாராம்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாடை வந்ததும் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

"அத வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

"களைக்குத்தான். ஒரு தடவ அடிச்சா போதும். புல்லுக்கு ஒண்ணும் ஆவாதாம், களைய மட்டும்தான் கொல்லுமாம்."

"யாரு சொன்னா? எல்லாத்தையும் கொல்லும்."

"உனக்கு எல்லாம் தெரியும். சரி, நீயே அடி. ஒம்பது வருஷம் முதுகுல சொமந்து அடிச்சவதானே? இந்தத் துண்டு நெலத்துக்கு அரை மணி நேரம் ஆவுமா?"

"அதனாலதான் வேணாங்கிறேன்."

"என்னா அதனாலதான்?"

அம்மா தோட்டத்தில் செய்த வெளிக்காட்டு வேலை களைமருந்து அடிப்பது என்பது எனக்குச் சரியாக விளங்கியது அன்றைக்குத்தான். அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள் போத்தலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பின் சந்தில் பம்புக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு தகரத்தால் மூடினாள். "கொழுப்பு. டவுனுக்கு வந்ததும் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று அப்பா முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சுலபமான வழி இருக்கும்போது எதற்காக இப்படிக் குந்திக்கொண்டிருக்க வேண்டும்?

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குப் பத்து நாள் முன்னால், கேரி தீவிலிருந்த மாமாவின் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கியது. அம்மா துணைக்குப் போனாள். போகும்போது என்னிடம், "காலையில தண்ணி மட்டும் ஊத்து. வேற எதுவும் செய்ய வேணாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பின் சந்தில் உட்கார்ந்து, பம்பில் தண்ணீரை நிரப்பி மருந்தைக் கலந்து வைத்தார். சனிக்கிழமை காலையில் அடிக்கலாம் என்று இருந்தார். விடியற்காலையில் ஈப்போவுக்கு லோரி எடுத்துப் போகச் சொல்லி ஆள் வந்துவிட்டது. "நாளைக்கு வந்து நான் அடிச்சுக்கிறேன். யாரும் தொடாதீங்க" என்று அக்காவிடமும் என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏன் தொட்டேன்? ஐம்பது வருடமாக இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் இடுப்புவலி தீரட்டும் என்று நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அம்மா திரும்பி வந்துவிட்டால் அந்தப் பம்பை எடுக்க விடமாட்டாள், மறுபடியும் துண்டைக் கட்டிக்கொண்டு குந்திவிடுவாள், விடுமுறை முடிந்து நீங்கள் வருவீர்கள் என்பதும் அதே மனதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா உள்ளே ரேடியோவைப் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி இருக்கும். கண் கூசும் வெயில். பம்பைத் தூக்க முடியவில்லை. ஒரு பெட்டியின் மேல் இழுத்து ஏற்றி, அதன் முன்னால் உட்கார்ந்து வார்களை மாட்டி எழுந்தேன். மூடி சரியாக இறுகவில்லை. நடக்க நடக்க முதுகில் சில்லென்று வழிந்தது. அந்த வெயிலில் அது சுகமாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது நடுக்கமாக இருக்கிறது. காலில் செருப்பு இல்லை. அப்பா போலத்தான் நானும், புல்லில் செருப்போடு நடக்கக் கூடாது என்று பழகியிருந்தேன். களையை மட்டும்தான் கொல்லும் என்று அப்பா சொல்லியிருந்ததால், ஓர் இடம் விடாமல் அடித்தேன். அம்மா பல வாரமாக மீட்டெடுத்த இடங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தேன். அங்கே ஒரு களைகூடத் திரும்பி வரக்கூடாது என்று நினைத்தேன்.

முடித்துவிட்டு, பம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மாங்காய் தின்றேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாக இருந்தது. பிள்ளை சீக்கிரமே நல்லபடியாகப் பிறந்துவிட்டதால் சனிக்கிழமை மூன்று மணிக்கே டாக்சியில் வந்து இறங்கினாள். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மூக்கை உயர்த்தி ஒரு தடவை மூச்சு இழுத்தாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு அடிச்சா?"

நான் பெருமையோடுதான் சொன்னேன். "நான்தாம்மா. இனிமே நீங்க குந்த வேணாம்."

அவள் என்னை அடிப்பாள் என்று அக்கா பயந்து வெளியே வந்தாள். அம்மா அடிக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனாள். அங்கேயே துணியெல்லாம் உருவிப் போட்டாள். துணி சோப்பால் தேய்த்தாள். முதுகு, கை, கால், விரல் இடுக்கு, நகக்கண், காதுக்குப் பின்னால் என்று மறுபடியும் மறுபடியும் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"வாயில பட்டுச்சா? கண்ணுல? கையக் கழுவாம எதுனா தின்னியா? உண்மையச் சொல்லு தங்கம், அம்மா அடிக்க மாட்டேன்."

"மாங்கா தின்னேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம்தான். எழுந்து அக்காவிடம் டாக்சி பிடிக்கச் சொன்னாள்.

கிளினிக்கில் இருந்த சீன டாக்டர் வாயைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். முதுகில் சிவந்திருந்த இடத்துக்குக் களிம்பு கொடுத்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றும், வாய் புண்ணானாலோ மூச்சு வாங்கினாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார். "எத்தன நாளைக்குப் பாக்கணும் டாக்டர்?" என்று அம்மா அவளுக்குத் தெரிந்த மலாயில் மூன்று தடவை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். நான் முதுகுப் புண்ணோடு குப்புறப் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது.

"நான் தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்" என்றார் அப்பா.

"கலக்கி வச்சிட்டுப் போயிருக்கீங்க. சின்னப் புள்ள இருக்கிற வீட்டுல."

"டாக்டரே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு இல்ல? எதுக்கு இப்படிப் பெருசு பண்ற?"

"ரெண்டு புள்ளைய அங்க குடுத்துட்டு வந்திருக்கேன். இவளையும் இங்க குடுக்கச் சொல்றீங்களா?"

அப்பா தணிந்த குரலில், "அது மருந்தாலன்னு யாரு சொன்னா? எந்த டாக்டரு சொன்னாரு?" என்று கேட்டார்.

"எந்த டாக்டரு எங்களப் பாத்தாரு?" என்றாள் அம்மா.

நான் தலையைத் திருப்பி, பக்கத்தில் இருந்த அக்காவிடம், "எந்த ரெண்டு புள்ள?" என்று கேட்டேன்.

"சும்மா படு" என்றாள் அக்கா.

புல் இரண்டே நாளில் போய்விட்டது. நுனி மஞ்சளாகி, பிறகு முழுசும் பழுப்பாகி, வைக்கோல்போல் நொறுங்கியது. களையும் போனது, புல்லும் போனது. பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். வாயைத் திறந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். வேறு இடம் இல்லாததால் அந்தக் கருகிய தரையிலேயே நாற்காலி போட்டோம். அத்தையையும் பக்கத்து வீட்டு அங்கிளையும் அப்பா கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்னாங்க, புல்லு பூரா கருகிக் கெடக்கு?"

அப்பா தடுமாறினார். அத்தை உடனே முந்திக்கொண்டு, "அண்ணி ஊருக்குப் போயிட்டாங்க. தண்ணி ஊத்த ஆளில்ல" என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாங்க. கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். கெட்ட மனதோடு சிரித்ததாகச் சொல்ல முடியாது. "தோட்டத்துல வளந்தவங்க, புல்லு வளக்கத் தெரியாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அங்கிள் மட்டும், "இல்லங்க, அந்தம்மா தெனமும் காலையில..." என்று ஆரம்பித்தார். அப்பா, "ஐயா, மொதல்ல பலகாரம் எடுத்துக்குங்க" என்று தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். முதுகுப் புண் சட்டையில் ஒட்டி எரிந்தது. "நான்தான் அடிச்சேன்" என்று சொல்ல எனக்கு இரண்டு மூச்சு நேரம் போதும். சொன்னால் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று பயந்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சின்னப் பெண் புல்லைக் கருக்கியதற்காக யாரும் சம்பந்தத்தை விடுவதில்லை. அக்காவை அவர்களுக்கு வந்த உடனேயே பிடித்திருந்தது. வாயைத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அம்மா தலைநிமிர்ந்து நின்றிருப்பாள், அவ்வளவுதான். அதைக்கூட நான் செய்யவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவருக்காகக் காப்பியைக் கொடுத்துக்கொண்டே போனாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு முன்னால் அப்பா அந்த நிலத்தில் சிமெண்டு போட்டுவிட்டார். "இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றார். அம்மா தினமும் காலையில் சிமெண்டைக் கூட்டினாள். சன்னலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை.

அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அக்காதான் பிற்பாடு சொன்னாள், அவள் முதல் தடவை உண்டாகியிருந்தபோது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு தடவை அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாளாம். இரண்டு தடவையும் எட்டு மாதம் வரை பம்பு சுமந்தாளாம். என்னைச் சுமந்தபோது கங்காணியின் காலில் விழுந்து பழம் பொறுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாளாம். மருந்துதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் அந்தக் காலத்தில் அங்கே வந்து பார்க்கவில்லை. அம்மா அப்படித்தான் நம்பினாள். நாங்கள் அவளுக்குக் கொழுப்பு என்றோம்.

அப்பா போன பிறகு அம்மா பிரிக்பீல்ட்ஸில் என்னோடுதான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். என்னமோ ஒரு தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு அம்பாங்காரங்க வந்தப்ப ஏம்மா உங்க தப்புன்னு சொன்னீங்க? நான் அடிச்சேன்னு சொல்லியிருக்கலாமே."

அவள் முதலில் எதைச் சொல்கிறேன் என்று புரியாமல் பார்த்தாள். பிறகு நினைவு வந்தது.

"அதுவா? அவங்க என்னா சொன்னாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கு என் நெனப்பு அங்கயா இருந்துச்சு? மருந்தடிச்சா எங்களுக்கெல்லாம் விடியக்காலையில மூக்குல ரத்தம் வரும். உனக்கும் வருதான்னு ஆறு மாசம் உன் தலவாணியப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ பள்ளிக்கூடம் போனதும் எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள். அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியாவது கேட்டிருக்க வேண்டும். ஆணா பெண்ணா, முகம் பார்த்தாளா, பெயர் ஏதாவது வைத்திருந்தாளா, எங்கே புதைத்தார்கள் என்று. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்து, "இன்னைக்குக் கீரை நல்லா இளசா இருக்கும்மா" என்றேன்.

"ஆமா, நல்ல இளசு" என்றாள்.

அதற்கு அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்கு அப்போது நாலைந்து வயதுதானே. மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் யார் என்று சொல்ல இனி இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை.